பனி நடுவே மூவர்

உலகப் படத்தை விரித்து வைத்து வடமுனைப் பக்கமாகக் கண்ணைச் செலுத்துவோமானால், ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே வெண்ணிறம் தீட்டப்பட்ட பெருந்தீவொன்று தென்படும். அதன் பெயர் கிறீன்லாந்து. பசுமை நிலம் என்பது பொருள். பெயருக்கும் பொருளுக்கும் இத்துணைப் பொருத்தமின்மை வேறு எந்நாட்டிலும் காண்டல் அரிது. அத்தீவின் ஐந்து பங்கில் நான்கு பங்கைப் பனிக்கட்டி மூடிக் கிடக்கிறது. கரையோரத்திலே மட்டும் பாறையும் பாசியும் புல்லும் உண்டு. மக்கள் வாழும் ஊர்களும் அங்கேதான் உள. கரையை விட்டு உள்ளே செல்லச் செல்ல மரமில்லை, கல்லில்லை, மண்ணில்லை. தலைக்கு மேலே வானம். காலின் கீழே பனி. இவ்விரண்டும் சந்திக்கும் கோடு நாற்புறமும் வட்டமாய்ச் சூழ்ந்திருக்கும்.

அவ்வெண்பரப்பின் நடுவே, மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உள்ளே, வட அகலக்கோடு 71 பாகையை அடுத்து, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்தில் ஓரிடம் உண்டு. 1930 ஆம் ஆண்டு வரை அதற்குப் பெயரே இல்லை. பெயர் வைக்க அங்கே அடையாளம் ஒன்றும் இல்லை. அவ்வாண்டிலே ஜேர்மன் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் அங்கே பாசறை அமைத்து அதற்கு 'ஐஸ்மித்தே' என்று பெயரிட்டனர். பனிக்கட்டியின் நடு என்பதே அச்சொல்லின் பொருள். அங்கே மூவர் ஒரு முழு மாரிகாலத்தைப் பனிக்குழியினுள் கழித்தனர். அவர்கள் எவ்வாறு எழுந்தனர், எதை உண்டனர், என்ன செய்தனர், எதை அறியாதிருந்தனர் என்பனவற்றைக் காண்பதற்கு வாசகர்களை இன்று மனத்தேரில் ஏற்றி அவ்விடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

ஏன் அங்கே சென்றனர்?

அப்பாசறைக்குக் காரணராய் இருந்தவர் பேராசிரியர் அல்பிறட் வெக்னர். பூமிசாத்திரம் பயிலும் மாணவர்க்கு அப்பெயர் புதிதன்று. கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து பின்பு பிரிந்து நகர்ந்தன என்னும் கொள்கையை 1912 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவரே. ஆயினும் அவருடைய தொழில் வளிமண்டல ஆராய்ச்சியாகும். உலகத் தட்பவெப்பப் பிரிவுகளை வகுத்த கெப்பன் என்னும் பேரறிஞரின் மகளாகிய எல்சா என்பவரை மணந்தவர். 1906 ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று முறை கிறீன்லாந்துக்குச் சென்று பழகியவர்; 1913 இல் டேனிய நாட்டினரான கொக் என்பவருடன் அத்தீவைக் குறுக்காகக் கடந்தவர்.

அவருடைய நான்காம் பயணத்தின் நோக்கம் பெரிது. ஒரே அகலக்கோட்டில் மேற்குக் கரையில் ஒன்று, கிழக்குக் கரையில் ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று நிலையங்களை நிறுவி, ஓராண்டு முழுவதும் ஒரே காலத்தில் வானிலையை அவதானித்தல். பனிக்கட்டியின் தடிப்பை அளத்தல். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் விமானப் பாதைகளைப் பற்றி உலகம் எண்ணத் தொடங்கிய காலம் அது. அத்தகைய பாதையொன்று கிறீன்லாந்தின் மேலாகவே செல்லக்கூடும். ஆனால் அத்தீவின் நடுவிலே மாரிகாலத்தில் எத்துணைக் குளிர், எத்திசைக் காற்று என்பதை அறிந்தவர் ஒருவரும் இலர். கோடையிற் கடந்து சென்றோர் சிலர் உண்டு. மாரியில் அங்கே தங்கி அளந்தவர் எவரும் இல்லை.

திட்டம் சிறந்ததே, ஆயின் காலம் கைகொடுக்கவில்லை. 1930 இன் வசந்தத்திலே மேற்குக் கரையை அணுகிய கப்பலைக் கடற்பனி ஐந்து வாரங்களுக்கு மேலாக மறித்து வைத்தது. ஏறத்தாழ நூறு தொன் சரக்கைக் கரையிலிருந்து பனியாற்றின் மேலாக ஐஸ்லாந்துக் குதிரைகளின் உதவியோடு ஏற்ற வேண்டியிருந்தது. மேலே சேர்ந்த பின்னர் அங்கிருந்து நாய் வண்டிகளே போக்குவரத்து. ஒவ்வொரு வண்டியும் தன் நாய்களுக்கும் ஓட்டுபவனுக்கும் வேண்டிய உணவையும் சுமந்து செல்வதால், 400 கிலோமீற்றர் சென்று இறக்கி வைக்கும் பொருள் மிகச் சிறிதாகவே இருந்தது. இக்குறையைத் தீர்க்கக் கொண்டுவரப்பட்ட, விமானத்தினது போன்ற சுழலியால் இயங்கும் இரு பொறிச் சறுக்குவண்டிகளும் புதுப்பனியிற் சிக்கி வழியிலேயே நின்றுவிட்டன. மாரிக்கென்று ஆயத்தஞ் செய்த மரவீடு ஐஸ்மித்தேக்கு வந்து சேரவில்லை. வானொலிக் கருவியும் வந்து சேரவில்லை. இவ்விரு குறைகளுள் எது பெரிதென்பது பின்னரே தெரியவந்தது.

குழி வீடு

யூலை 30 ஆம் நாள் முதன்முதல் அவ்விடத்தை அடைந்து கருவிகளை நிறுவியவர் யொகானஸ் கெயோர்கி என்னும் வானிலை அறிஞர். உடன் வந்தோர் திரும்பிய பின்னர், சறுக்குவண்டிகள் மீண்டும் வரும் வரை அவர் ஒற்றை மனிதராய் ஒரு கூடாரத்தில் தங்கி அளவெடுத்து வந்தார். செப்டெம்பர் நடுவில் பனிக்கட்டி ஆராய்ச்சியாளரான ஏர்ண்ஸ்ற் சோர்கே வந்து சேர்ந்தார். குளிர் நாளுக்கு நாள் ஏறியது. கூடாரத் துணி அக்குளிருக்கு ஈடுகொடாது என்பதைக் கண்ட இருவரும் கீழே தோண்டத் தொடங்கினர்.

அங்கே கிடப்பது கண்ணாடி போன்ற கட்டிப்பனி அன்று. ஆண்டுதோறும் பெய்த பனி உருகாமலே ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து இறுகியது. அதனைப் பழம்பனி எனலாம். வாளால் அறுக்கலாம், மண்வெட்டியால் வெட்டலாம். அவ்வாறு வெட்டிய சுவர் உறுதியாகவும் நிற்கும். அதனுள் காற்று நிறைந்திருப்பதால், பஞ்சு மெத்தையைப் போல் வெப்பத்தை வெளியே விடாது தடுக்கும். மேலே காற்று எவ்வளவு கொடிதாயினும், சில அடி கீழே சென்றால் அதன் ஓசையும் கேளாது, அதன் கூர்மையும் தாக்காது.

ஒக்டோபர் தொடக்கத்தில் இருவரும் அக்குழி வீட்டுக்குக் குடிபுகுந்தனர். வீடு என்று நாம் சொன்னாலும் அது ஓர் அறையே. படுக்கைக்கெனத் தனியே கட்டில் இல்லை. தோண்டும்போதே பனியைத் திண்ணையாக விட்டு, அதன்மேல் பனிமான் தோலை விரித்து, உரோமப் படுக்கைப் பையினுள் நுழைந்து உறங்கினர். ஒளிக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. சமைப்பதற்கும் குளிர் காய்வதற்கும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. மூச்சிலிருந்து எழும் ஈரம் கூரையிலும் சுவரிலும் உறைந்து வெள்ளிப் பூக்களாய்ப் பூத்தது. பார்ப்பதற்கு அழகாயினும் படுத்திருப்போர் முகத்தில் அது உதிரும்போது இனிமையாயிராது. அடுப்பை மிகுதியாக எரித்தால் கூரை கசியும். எரியாது விட்டால் மையும் உணவும் உறைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையேதான் அவர்களுடைய வாழ்க்கை நடைபெற்றது.

ஒரு கடிதம்

இவ்விடத்தில் கதையின் துயரமான பகுதிக்கு வருகின்றோம்.

குழிவீடு அமைவதற்கு முன்னர், தம்மிடமுள்ள மண்ணெண்ணெய் மாரி முழுவதற்கும் போதாது என்பதைக் கணக்கிட்ட இருவரும், திரும்பிச் சென்ற சறுக்குவண்டிக்காரரிடம் மேற்கு நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினர். ஒக்டோபர் 20 ஆம் நாளுக்குள் வேண்டிய பொருள்கள் வந்து சேராவிடில், தாங்கள் கைச்சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு கால்நடையாகவே கரைக்குப் புறப்படுவோம் என்பது அதன் சாரம். அன்றைய நிலையில் அது நேர்மையான கடிதமே. பொய்யும் இல்லை, மிகையும் இல்லை.

கடிதத்தின் கருத்தை அறிந்த வெக்னர், அக்குளிரில் நாய்களும் இன்றி 400 கிலோமீற்றர் நடப்பது மரணத்துக்கு ஒப்பானது என்பதை உணர்ந்தார். செப்டெம்பர் இறுதியை நெருங்கும் வேளையில், பிறிற்ஸ் லோவே என்னும் மற்றொரு வானிலை அறிஞருடனும் கிறீன்லாந்து மக்கள் பதின்மூவருடனும் பதினைந்து நாய் வண்டிகளில் பொருள்களை ஏற்றிக்கொண்டு தாமே புறப்பட்டார். வழியில் புதுப்பனி ஆழமாய் விழுந்தது. குளிர் நாளுக்கு நாள் கடுமையாயிற்று. கிறீன்லாந்தவர் தம் நாட்டுப் பனியை நன்கறிந்தவர்கள். அப்பருவத்தில் மேலே செல்வது தகாது என்று கண்டு பன்னிருவர் இரு தடவையாகத் திரும்பினர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. றாஸ்முஸ் வில்லும்சன் என்னும் இளைஞர் ஒருவர் மட்டும் உடன் வர இசைந்தார். சுமைகளை வழிநெடுக இறக்கியாயிற்று. இனி ஐஸ்மித்தேக்கு மண்ணெண்ணெய் கொண்டுசேர்க்க இயலாது என்பது வெக்னருக்குத் தெரியும். ஆயினும் அவ்விருவரும் புறப்பட்டுவிடாமல் தடுக்க வேண்டுமென்ற ஒன்றே அவரை முன்செலுத்தியது.

நாற்பது நாட்பயணத்தின் பின், ஒக்டோபர் 30 ஆம் நாள், பூச்சியத்துக்குக் கீழ் ஐம்பது பாகைக்கும் கடுமையான குளிரில் மூவரும் ஐஸ்மித்தேயை அடைந்தனர். அங்கே அவர்கள் கண்டதென்ன? கெயோர்கியும் சோர்கேயும் புறப்படவில்லை. குழிவீடு தந்த காப்பைக் கண்டு, எண்ணெயைச் சிக்கனமாய்ச் செலவிட்டால் மாரியைக் கழிக்கலாமென்று முடிவுசெய்து இருந்துவிட்டனர். அம்முடிவை மேற்கு நிலையத்துக்கு அறிவிக்க வழியில்லை. ஒரு வானொலிக் கருவி இருந்திருப்பின் ஒரு வரிச் செய்தி போதியதாயிருந்திருக்கும்.

வெக்னர் அதைக் குறித்துச் சினங்கொண்டதாகச் செய்தியில்லை. குழிவீட்டினுள் நடந்து திரிந்து, இங்கே எவ்வளவு வசதியாக இருக்கிறீர்கள் என்று மீண்டும் மீண்டும் மகிழ்ந்து கூறினாராம். ஆனால் லோவேயின் கால்விரல்கள் உறைந்து உணர்விழந்திருந்தன. அவரால் இனி நடக்க இயலாது. இருந்த உணவோ ஐவருக்குப் போதாது. எனவே லோவேயை அங்கே விட்டு, நவம்பர் 1 ஆம் நாள் காலை வெக்னரும் றாஸ்முஸும் இரு வண்டிகளோடும் பதினேழு நாய்களோடும் கரை நோக்கிப் புறப்பட்டனர். அன்று வெக்னரின் ஐம்பதாவது பிறந்தநாள். புறப்படுமுன் எடுத்த நிழற்படத்தில் இருவரும் உரோம உடையோடு அருகருகே நிற்கின்றனர். அவர்களைக் காட்டும் கடைசிப் படம் அதுவே.

மாரிகாலத்தின் ஒருநாள்

மூவர் எஞ்சினர். நவம்பர் பிற்பகுதியிலே சூரியன் அடிவானத்தின் கீழ் மறைந்தது. சனவரி பிற்பகுதி வரை மீண்டும் முகங்காட்டவில்லை. பகலென்பது நண்பகலை ஒட்டிய ஒரு மங்கல் வெளிச்சம். மற்ற நேரமெல்லாம் விண்மீனும் திங்களும் முனைச்சோதியுமே. இரவும் பகலும் வேறுபடாத அக்காலத்தில் நாளை நாளென்று அறிவித்தது கருவிகளைப் பார்க்கும் முறையே.

காலை, பிற்பகல், இரவு என நாளுக்கு மூன்று வேளை குறித்த மணிக்கு ஒருவர் உரோம உடையை மாட்டி, படியேறி வெளியே சென்று, வெப்பமானியையும் பாரமானியையும் பார்த்து, காற்றின் திசையையும் விரைவையும் கண்டு, வானத்தில் முகிலின் அளவையும் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். சொல்வதற்கு இது எளிது. இரசம் ஏறத்தாழப் பூச்சியத்துக்குக் கீழ் 39 பாகையில் உறைந்து திண்மமாகிவிடும் என்பதை மாணவர் அறிவர். ஐஸ்மித்தேயில் பெப்ரவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழ் 47 பாகையாய் இருந்தது! ஆகவே இரசம் அங்கே பயன்படாது. மதுசாரம் நிரப்பிய வெப்பமானியே உதவும். அதனையும் மூச்சை அடக்கிக்கொண்டு விரைவாகப் பார்க்க வேண்டும். மூச்சுப் பட்டால் கண்ணாடி உறைபனியால் மூடும். வெறுங்கை உலோகத்திற் பட்டால் தோல் அதனுடன் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். 1931 மார்ச் 20 ஆம் நாள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 64.9 பாகைக்கு இறங்கியது. அன்றும் அளவு எடுக்கப்பட்டது. அன்றும் எண் குறிக்கப்பட்டது.

உள்ளே வந்தால் குடிநீருக்கும் உழைப்பு உண்டு. கோடிக்கணக்கான தொன் நீரின் மேல் அமர்ந்திருந்தும், ஒரு குவளை நீர் பருகுவதற்கு எண்ணெய் எரித்துப் பனியை உருக்கியாக வேண்டும். அவ்வெண்ணெயோ நாள்தோறும் அளந்து செலவிடப்படுவது. எனவே முகங்கழுவுதலும் உடை துவைத்தலும் அங்கே ஆடம்பரங்கள். சூடான உணவு கிடைக்கும் வேளை நாளின் திருவிழா. மாலையில் ஒற்றை விளக்கைச் சுற்றியமர்ந்து கணக்குகளைச் சரிபார்த்தலும், கையிலிருந்த நூல்களைப் படித்தலும், உரையாடுதலும் நடக்கும். பின்னர் உறக்கப் பையினுள் புகுந்து தலைவரை மூடிக்கொள்வர்.

லோவேயின் நிலை இன்னும் கொடிது. உறைந்த கால்விரல்கள் அழுகத் தொடங்கின. நஞ்சு உடலிற் பரவுமுன் அவற்றை வெட்டியெறிய வேண்டியதாயிற்று. மருத்துவர் இல்லை; மயக்க மருந்து இல்லை; அறுவைக் கருவி இல்லை. கெயோர்கி பேனாக்கத்தியைக் கொண்டே அவ்வேலையைச் செய்தார். அவர் வானிலை அறிஞர். தம் வாழ்நாளில் அத்தகைய தொழிலைச் செய்தவர் அல்லர். வெட்டியவருடைய கையும் வெட்டப்பட்டவருடைய மனமும் எத்துணை உறுதி வாய்ந்தனவாய் இருந்திருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். லோவே பல மாதங்கள் படுக்கையிலேயே கிடந்தார். கிடந்தபடியே தோழர்களின் உரையாடலிலும் கணக்கு வேலையிலும் பங்குகொண்டார்.

மூவர் ஒரு சிறு குழியில், மாதக்கணக்காக, வேறு முகம் காணாது வாழ்வது எளிதன்று. குளிரைத் தாங்கும் உடைகள் உண்டு. ஒருவரையொருவர் தாங்குதற்கு உடை ஏது? அவர்களைக் காத்தது அவரவர்க்கென அமைந்த வேலையே என்பது எம் கருத்து. கருவியைப் பார்க்கும் மணி வந்துவிட்டால் மனக்கசப்பும் சோர்வும் ஒருபுறம் ஒதுங்கத்தானே வேண்டும்? எண் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது. அதை இன்று எடுக்காவிடில் என்றும் எடுக்க முடியாது.

பனியின் ஏடுகள்

சோர்கேயின் வேலை மேலே அன்று, கீழே. குழிவீட்டிலிருந்து நேர்கீழாக அவர் ஒரு கிணறு தோண்டத் தொடங்கினார். மாரி முழுவதும் சிறிது சிறிதாய்த் தோண்டி ஏறத்தாழ 15 மீற்றர் ஆழம் சென்றார். தோண்டிய பனியைத் துண்டு துண்டாய் வெட்டி, அளந்து, நிறுத்து, எவ்வாழத்தில் எவ்வளவு இறுக்கம் என்று குறித்தார். கோடையிற் படிந்த பனியும் மாரியிற் படிந்த பனியும் தன்மையில் வேறுபடுவதால், மரத்தின் வளையங்களைப் போல அங்கும் ஆண்டுகளை எண்ணலாம். கிணற்றின் அடியை அடைந்தபோது அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பெய்த பனியின் மேல் நின்றார்.

அவர் கண்ட உண்மை ஒன்றை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். பஞ்சுப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குவதாகக் கொள்வோம். மேற்பொதி தளர்ந்திருக்கும், கீழே செல்லச் செல்ல இறுகியிருக்கும். நாள்தோறும் மேலே ஒரு புதுப்பொதியை வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு பொதியும் ஒருபடி கீழிறங்கி மேலும் இறுகும். ஆயினும் மேலிருந்து ஐந்தாவதாய் இருக்கும் பொதி எதுவோ, அதன் இறுக்கம் என்றும் ஒரேயளவினதாகவே இருக்கும். பனியும் அவ்வாறே. பெய்யும் அளவும் குளிரும் மாறாதிருக்கும் வரை, குறித்த ஆழத்தில் பனியின் இறுக்கமும் மாறாது. பிற்கால அறிஞர் இதனைச் 'சோர்கே விதி' என்று வழங்கினர். பனிமலைகளைச் செய்ம்மதிகள் கொண்டு அளக்கும் இக்காலத்தும் அவ்விதி பேசப்படுகிறது. அதனைக் கண்ட ஆய்வுக்கூடம் ஒரு மண்ணெண்ணெய் விளக்கும் ஒரு தராசும் உள்ள பனிக்கிணறு!

இரு நிலையங்கள், இரு நம்பிக்கைகள்

குளிரையும் பசியையும் இருளையும் அம்மூவரும் வென்றனர். ஒன்றை மட்டும் அவர்களால் வெல்ல முடியவில்லை. அது செய்தியின்மை.

வெக்னரும் றாஸ்முஸும் நலமே கரை சேர்ந்திருப்பர் என்று ஐஸ்மித்தேயில் இருந்தோர் நம்பினர். வெக்னரும் லோவேயும் றாஸ்முஸும் ஐஸ்மித்தேயிலேயே மாரியைக் கழிக்கின்றனர் என்று மேற்கு நிலையத்தில் இருந்தோர் நம்பினர். இரு பக்கத்தாரும் தத்தம் நம்பிக்கையோடு ஆறு மாதம் அமைதியாய் இருந்தனர். வெக்னரோ அந்த ஆறு மாதமும் இரு நிலையங்களுக்கும் நடுவே பனியின் கீழ்த் துயின்றுகொண்டிருந்தார்.

1931 மே 7 ஆம் நாள் மேற்கிலிருந்து உதவிக் குழுவினர் ஐஸ்மித்தேயை அடைந்தனர். வந்தவர்கள் குழிவீட்டில் வெக்னரைத் தேடினர். இருந்தவர்கள் வந்தவர்களிடையே வெக்னரைத் தேடினர். கேள்வி இரு பக்கத்திலிருந்தும் ஒரே வேளையில் எழுந்திருக்கும். விடையும் ஒருசேரப் புலப்பட்டிருக்கும். அதற்கு மேல் அக்காட்சியை வருணிக்க நாம் விரும்பவில்லை.

வழியைக் காட்டுதற்குக் குறித்த தூரத்துக்கு ஒன்றாகக் கறுப்புக் கொடிகள் நடப்பட்டிருந்தன. அவ்வழியே தேடிச் சென்றோர், மே 12 ஆம் நாள், கரையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில் பனியில் நாட்டப்பட்டிருந்த வெக்னருடைய சறுக்குப் பலகைகளைக் கண்டனர். கீழே தோண்டியபோது, பனிமான் தோலின்மேல், உறக்கப் பையின் உறைகளுக்குள் வைத்துத் தைக்கப்பட்ட அவருடைய உடல் இருந்தது. முகம் அமைதியாய் இருந்ததாம். களைப்பு மிகுந்து இதயம் நின்றதனால் கூடாரத்தினுள்ளேயே உயிர் பிரிந்திருக்க வேண்டுமென்று கருதப்பட்டது.

அவ்வுடலை அத்துணை மரியாதையோடு அடக்கஞ் செய்தவர் றாஸ்முஸ் வில்லும்சன். தன்னந்தனியராய், உறையும் கைகளால், தம் தலைவருக்கு இறுதிக் கடன் ஆற்றி, இடம் தெரியும்படி அடையாளமும் நாட்டி, வெக்னரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் மேற்கே சென்றார். எவ்வளவு தூரம் சென்றார் என்பது தெரியவில்லை. அவருடைய உடலும் அந்நாட்குறிப்பும் இன்றுவரை அகப்படவில்லை. வெக்னரின் பெயர் உலகத்துப் பாடநூல்களில் எல்லாம் உண்டு. அவர் பெயரைப் படிக்கும் மாணவர் இவ்விளைஞரின் பெயரையும் சேர்த்துப் படிப்பாராக.

வெக்னரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து அரச மரியாதையோடு அடக்கஞ் செய்ய ஜேர்மன் அரசு முன்வந்தது. அவருடைய மனைவியார் எல்சா, அவர் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றார். பனிக்கட்டியால் கல்லறை எழுப்பி அங்கேயே விட்டனர்.

எஞ்சியவை

துயரச் செய்தியைக் கேட்ட பின்னரும் ஐஸ்மித்தே வெறுமையாகவில்லை. லோவேயும் சோர்கேயும் கரைக்குப் புறப்பட, கெயோர்கி அங்கேயே தங்கினார். ஓராண்டு அளவு முழுமையாக வேண்டும் என்பது திட்டம்; இடையில் நிறுத்தினால் இறந்தவரின் நோக்கம் நிறைவேறாது. மீண்டும் ஒற்றை மனிதராய் அவர் மூன்று வேளையும் எண் எடுத்தார். அக்கோடையில், வெடிவைத்து அதன் எதிரொலி கொண்டு அளந்தபோது, ஐஸ்மித்தேயின் கீழுள்ள பனிக்கட்டி இரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடையதென்று தெரியவந்தது. ஓகஸ்ட் மாதத்தில் பாசறை மூடப்பட்டது.

மூவரும் பின்னர் என்னவாயினர்? சோர்கே மீண்டும் கிறீன்லாந்துக்குச் சென்று பனியாறுகளை ஆராய்ந்தார். லோவே யூத மரபினர். நாசி ஆட்சியிலே பதவியிழந்து 1934 இல் தாய்நாட்டை விட்டு நீங்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவை அடைந்து, மெல்பேண் பல்கலைக்கழகத்திலே 1939 இல் வளிமண்டலவியல் துறையை நிறுவினார். கால்விரல்களைப் பனிக்கு இழந்த அவரே, 1951 இல் பிரெஞ்சுக் குழுவினரோடு அந்தாட்டிக்காவில் மீண்டும் ஒரு மாரியைக் கழித்தார் என்பது வியப்புக்குரியது.

ஐஸ்மித்தேயின் பக்கத்திலேயே 1949 முதல் 1951 வரை பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தங்கி மாரியைக் கழித்தனர். அவர்களிடம் வானொலி இருந்தது. பொருள்கள் விமானத்திலிருந்து இறங்கின. அங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், பனிப்பரப்பின் உச்சியிலே, ஐரோப்பியர் 1992 இல் 3,029 மீற்றர் துளைத்து அடிப்பாறை வரை சென்றனர். அமெரிக்கர் மறு ஆண்டில் அதனை அடுத்து மற்றொரு துளையிட்டனர். சோர்கே இருபதாண்டுப் பனியைப் படித்தார். இவர்கள் நூறாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பனியைப் படித்தனர். எனினும் ஏட்டின் முதற்பக்கத்தைப் புரட்டியவர் அவரே.

வெக்னர் உயிரோடிருந்த காலத்திற் பலர் நகைத்த கண்டப் பெயர்ச்சிக் கொள்கை, கடலடித் தரையின் சான்றுகளால் 1960 களில் உறுதிபெற்றது. நம் இலங்கையின் நடுப்பகுதிப் பழம்பாறைகளும் கிழக்கு அந்தாட்டிக்காவின் பாறைகளும் முன்னொரு காலத்தில் அடுத்தடுத்துக் கிடந்தவை என்று இன்று புவிச்சரிதவியலார் கூறுகின்றனர். அவ்வாறு கூறுவதற்கு வழிவகுத்தவர் அப்பனியிலே துயில்பவர்.

ஐஸ்மித்தே இன்று கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுதோறும் பெய்த பனி அக்குழிவீட்டையும் கிணற்றையும் பல பத்து மீற்றர் ஆழத்தில் புதைத்துவிட்டது. ஆனால் அம்மூவர் எழுதிய எண்கள் புதையவில்லை. கிறீன்லாந்தின் நடுவே வெப்பநிலை முன்பு எவ்வாறிருந்தது, இப்போது எவ்வளவு மாறியுள்ளது என்று கணக்கிடும் அறிஞர்கள், ஒப்புநோக்குவதற்குப் பழைய அளவொன்றைத் தேடும்போது அந்தக் குறிப்பேட்டிடமே வருகின்றனர். அதிலே 1930 யூலை முடிவிலிருந்து ஓராண்டுக் காலத்து எண்கள் உள. இருளிலும் நோயிலும் எடுத்த எண்ணுக்கும் கோடை வெயிலில் எடுத்த எண்ணுக்கும் அதிலே வேறுபாடு தெரிவதில்லை. யாவும் ஒரே வரிசையில், மூன்று வேளைக்கும் மூன்றாக, எழுதப்பட்டிருக்கின்றன.